தைக்காமல் வந்த புத்தகம்

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைக் கேட்க முடியும். சின்ன வயதில், இன்னும் வெளிவராத ஒரு புத்தகத்துக்காக நீங்கள் யாராவது காத்திருந்ததுண்டா? என் பேத்தி நாவலூரில் சோபாவில் படுத்துக்கொண்டே, அடுத்த மாதம் வரப்போகும் புத்தகத்துக்கு இன்றைக்கே போனில் சொல்லி வைத்துவிடுகிறாள். "வந்ததும் வாசலுக்கே வந்துடும் ஆயா" என்கிறாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கத் தோன்றுகிறது: வராத ஒன்று வரப்போகிறது என்று உனக்கு யார் சொன்னது?

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குப்பம். வலைகளைப் போட்டு வைப்பதற்காக ஊர்க்காரர்கள் கட்டிய ஓட்டுக் கட்டடத்தை நூலகத்துக்கு விட்டிருந்தார்கள். மழை பெய்தால் பழைய வலையின் வாடை சுவரிலிருந்து கிளம்பும். புத்தகங்களிலும் அது ஏறியிருக்கும். இன்றைக்கும் ஒரு புத்தகத்தைப் பிரித்தால் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன். அந்த வாடை இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணியை நாங்கள் லைப்ரரி டீச்சர் என்று கூப்பிட்டோம். படித்த பெண் யாராக இருந்தாலும் எங்களுக்கு டீச்சர்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக தினமும் பஸ்ஸில் வந்து போவார். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். ஊர் பேசுவதற்கு இது போதுமானதாக இருந்தது.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். யாராவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், நன்றாக இருந்ததா என்று கேட்கமாட்டார். "எந்த எடத்த ரெண்டாவது தரம் படிச்சீங்க?" என்பார். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார். பிறகு, "அப்படின்னா உங்களுக்கு ஒண்ணு வருது. தீபாவளி ஆகும், பொறுத்துக்குங்க" என்பார்.

படகு மோட்டார் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் ஊரில் இருந்தார். மோட்டார் வந்த புதிது. அவரிடம் டீச்சர், படம் போட்டு மோட்டாரைப் பற்றி ஒரு புத்தகம் அச்சில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சொன்ன மாதிரியே புத்தகம் வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் கரையில் எல்லாரிடமும், "அந்தம்மாவுக்கு குறி தெரியும்டா! சும்மா இல்ல!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் அதை அப்படியே நம்பினேன். மறுநாள் ஓடிப்போய், "டீச்சர், மழ எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. எனக்குப் புத்தகம் வரது மட்டும்தான் தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"நீயே கண்டுபிடி" என்றார்.

இந்த விளையாட்டு அதோடு நின்றிருக்கும். என் அக்காவால் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். எட்டாவது வரை படித்தவள். அவளுக்கு வலிப்பு வரும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையையே சொல்லமாட்டார்கள். "அது வந்துச்சா?" என்றுதான் அம்மா கேட்பாள். வந்தால் கதவைச் சாத்திவிட்டு, சாவிக்கொத்தை அக்காவின் கையில் திணித்துப் பிடித்துக்கொள்வாள். உச்சி வேளையில் கரையோரம் போன பெண்ணைக் கடலில் செத்தவள் ஒருத்தி பிடித்துக்கொண்டாள் என்பது அம்மாவின் முடிவு. ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலையால் அடித்தும் பார்த்தார்கள். அக்காவின் முழங்கையில், அடுப்பின் மேல் விழுந்ததில் பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அதை மறைக்க எப்போதும் தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள்.

"அப்போ வலிக்குமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்க நான் இருந்தாத்தானேடி! நான் இருக்கவே மாட்டேன். எங்க போறேன்னுதான் தெரியல" என்றாள்.

சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். 'அது' பற்றி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. தாலி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். அல்லது நம்புகிற மாதிரி இருந்தாள். எது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து டீச்சரிடம் கேட்டாள்.

"டீச்சர், திடீர்னு வுழுந்து, கை கால் இழுத்துகினு, அப்பால ஒண்ணுமே ஞாபகம் இல்லாம பூடுதே, அதப் பத்தி புக்கு கீதா?"

"யாருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு."

டீச்சரின் பார்வை அக்காவின் முழங்கைக்குப் போய்த் திரும்பியது. "அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும்."

"இங்க இருக்கறதுல உருப்படியா எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு வருது. மெட்ராஸ்ல ஒரு நரம்பு டாக்டர், சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்காரு. ஆடி மாசத்துக்குள்ள வந்துடும்ங்கறாங்க."

"அது பேயா நோவான்னு அதுல போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. எனக்கோ வேறு யோசனை. "சொல்றாங்கன்னா யாரு சொல்றாங்க டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார், சொல்லவில்லை.

அந்தக் கோடை முழுவதும் நான் அவரைக் கண்காணித்தேன். முதலில் பார்த்தது, எந்தப் புதுப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகு நானும் திருப்பிப் பார்த்தேன். அங்கே 'அடுத்து வெளிவருபவை' என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. வாரப் பத்திரிகைகளில் எல்லாரும் தொடர்கதையைத் தேட, அவர் புத்தக மதிப்புரையையும் ஓரத்துக் கட்டம் கட்டிய விளம்பரத்தையும் படிப்பார்.

இன்னொரு நாள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அவர் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. கடலையை எனக்குக் கொட்டிவிட்டு அந்தத் தாளைப் பிரித்து நீவி, நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்தார். புதுத் தாள். மை வாடை போகவில்லை. ஒரு பக்கம்தான் அச்சு, அதுவும் கோணலாக.

"அச்சாபீஸ்ல வீணாப்போன தாள எடைக்குப் போட்டிருக்காங்க" என்றார். "இந்தக் கதை இன்னும் கடைக்கே வரல. நாம மொதல்ல படிச்சிட்டோம் பாரு!"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றடியில் யாருக்காகவோ காத்திருந்தாள். யாருக்காக என்று சொல்வதற்குள் தாள் முடிந்துவிட்டது. எனக்கு அது இன்றுவரை தெரியாது.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் தோல்பையோடு வருவார். பதிப்பகங்களிலிருந்து நூலகங்களுக்குச் சுற்றுகிறவர். நாங்கள் பை அண்ணன் என்போம். அந்தப் பைக்குள் புத்தகமே இருக்காது, அட்டைகள் மட்டும் இருக்கும். வரப்போகிற புத்தகங்களின் மேலட்டைகள். சிவப்பும் நீலமுமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல். அவற்றை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, அது எப்போது வரும், எழுதியவர் முடித்துவிட்டாரா, அச்சாபீஸ்காரர் ஏமாற்றுகிறாரா என்றெல்லாம் சொல்வார். டீச்சர் தோண்டித் தோண்டிக் கேட்பார். பை அண்ணன் அட்டைகளை எவ்வளவு மெதுவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக எடுப்பார். அப்போது நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இந்த வயதில் அப்படித் தோன்றவில்லை. டீச்சருக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். அவருடைய கண் அட்டைகளில்தான் இருக்கும்.

ஆடி பிறந்தது. புத்தகம் வரவில்லை.

அக்கா தினமும் வாசல்வரை வந்து தலையை நீட்டுவாள். டீச்சர் இல்லை என்று தலையாட்டுவார். ஒருநாள் காரணம் சொன்னார். அச்சடித்து முடிந்துவிட்டது, ஆனால் தைக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த மும்முரத்தில் பைண்டிங் கடைக்காரர்கள் எல்லாரும் நோட்டுப் புத்தகம் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாள்கள் அப்படியே அடுக்கிக் கிடக்கின்றன.

"கல்யாணத்துக்கு முன்னாடி வராதா டீச்சர்?" அக்கா அன்றைக்கு உள்ளேயே வந்துவிட்டாள். 'தெரிஞ்ச பொண்ணு' என்ற பேச்செல்லாம் அப்போது போய்விட்டிருந்தது. "பேயின்னா போனா போவுது. நோவுன்னா, அந்த வூட்ல ஒரு வார்த்த சொல்லாம நான் எப்டிப் போய் வாழறது?"

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் டீச்சர் செங்கல்பட்டிலிருந்து ரயில் ஏறி மெட்ராஸுக்குப் போனார். பை அண்ணன் அவரைப் பதிப்பகத்துக்கும் அச்சாபீசுக்கும் பைண்டிங் கடைக்கும் கூட்டிப்போனார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, டீச்சர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை அக்காவின் கையில் கொடுத்தார்.

தைக்காத, வெட்டாத தாள்கள். ஒவ்வொன்றும் பாய் மாதிரி பெரியது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தரையில் விரித்தோம். பக்கங்கள் முன்னும் பின்னுமாக, சில தலைகீழாக இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் ஒரு மூலையைப் பிடித்து மடித்து, திருப்பி, மறுபடி மடித்துப் பார்த்தாள். நாலாவது தடவை மடித்தபோது ஒன்றுக்குப் பின்னால் இரண்டு, இரண்டுக்கு எதிரே மூன்று என்று பக்கங்கள் வரிசைக்கு வந்தன. "பார்ரீ!" என்று கத்திவிட்டாள். புத்தகம் இப்படித்தான் பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மடிப்புகளை அம்மாவின் மீன் கத்தியால் வெட்டினோம். ஓரத்தில் செதில் ஒட்டிக்கொண்டது.

அக்கா முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். கடினமான சொல் வந்தால் நிறுத்தி, திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாள். இது மூளையில் வருகிற நோய், பேயோ சாபமோ இல்லை, மாத்திரை உண்டு, கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம் என்று இருந்தது. வலிப்பு வரும்போது சாவியைக் கையில் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை என்றும் இருந்தது. அந்த இடத்தை அக்கா இரண்டு தரம் படித்தாள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே வேறொன்று வெடித்தது.

எங்கள் நைனாவின் சிநேகிதர் ஒருவர் மெட்ராஸுக்கு மீன் ஏற்றிப்போகிற வியாபாரி. அவர் டீச்சரையும் பை அண்ணனையும் ஒரு சந்தில் ஒன்றாகப் பார்த்துவிட்டார். இன்னொரு வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார். ஊர் முழுவதும் பரவியது. "அதான் பார்த்தேன், வராத புக்கு கத இன்னாடான்னு" என்று அம்மாவே சொன்னாள். எங்களை நூலகப் பக்கம் போகக்கூடாது என்றாள்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. கட்டடம் ஊருடையது, ஒழுக்கம் இல்லாதவருக்கு அதை விடமுடியாது, பூட்டிவிடலாம் என்று பேச்சு. டீச்சரை வரச்சொல்லி நிற்கவைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் தள்ளி நின்றோம்.

"பட்டணத்துல இன்னாம்மா வேல உனுக்கு, அந்த ஆளோட?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

"ஒரு புத்தகம் விஷயமாப் போனேங்க. அவர் அச்சாபீஸ் காட்டினாரு."

"இன்னா புக்கு?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. வியாபாரி எழுந்து, "வந்த புக்குன்னா காட்டலாம். வராத புக்க எங்கேர்ந்து காட்றது?" என்றார். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். டீச்சரின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனாலும் அவர் அக்கா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது.

என் பக்கத்தில் நின்ற அக்காவைக் காணோம். வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது நெஞ்சோடு அந்தத் தாள்களை அணைத்திருந்தாள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. அவள் நேராக ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"இதான் அந்தப் புக்கு. எனக்கு வாங்கத்தான் போனாங்க. எனக்கு காக்கா வலிப்பு வருது."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். நைனா கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். அவர் கை ஓங்கும் ஆள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது, அவர் தாள்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மோட்டார் ரிப்பேர் அண்ணனைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

"படிடா. எல்லாருக்கும் கேக்கற மாறி படி."

ஒருவர் பெட்ரோமாக்ஸைக் கிட்டே தூக்கி வந்து பிடித்தார். அண்ணன் படித்தார். பேய் இல்லை என்ற இடம் வந்தது, மாத்திரை வந்தது, சாவி வந்தது. சிரித்தவர்கள் எல்லாம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது பின்னாலிருந்து யாரோ, "ஏன் நிறுத்திட்ட? அப்பால இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார்கள்.

நூலகத்தைப் பூட்டவில்லை. ஆனால் விடிவதற்குள் சேதி சதுரங்கப்பட்டினம் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அம்மா பல நாட்கள் அக்காவோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிடுவாள். எங்களைக் கெடுத்தது புத்தகம்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நைனாதான் ஒரு காலையில், "கெளம்புங்க" என்று சொல்லி எங்கள் எல்லாரையும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். முதலில் அக்கா எந்நேரமும் தூங்கினாள். பிறகு தேறினாள். 'அது' வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோனது.

அந்த மருத்துவரிடமும் அவள் தன் கேள்வியைக் கேட்டாள்: அப்போது நான் எங்கே போகிறேன்? அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "புக்குலயும் அது இல்லடி" என்றாள் அக்கா, பஸ்ஸில் வரும்போது. "வேற யாராச்சும் எழுதுவாங்க."

சில வருடங்கள் கழித்து அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவர், பஸ் கண்டக்டர், பெண் பார்க்க வந்தார். காபித் தட்டோடு மாத்திரை டப்பாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள் அக்கா. அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, வேளைக்கு எத்தனை என்று கேட்டாராம். அவளுக்கு அது போதுமாயிருந்தது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்தத் தாள்கள் ஒரு புயலில் வீட்டுக் கூரையோடு போயின.

தைத்து அட்டை போட்ட புத்தகம் ஐப்பசியில் நூலகத்துக்கு வந்தது. அது அலமாரியில் இருந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள், யாரென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அது வந்தபோது டீச்சர் இல்லை. கூட்டத்துக்கு முன்பே யாரோ நூலக மேலாபீசுக்கு மனுப் போட்டிருந்தார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் கிளம்பிய நாளன்று நான் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். அக்கா அழுது ஓய்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். குடையும் ஒரு பையும் டீச்சர் கையில் இருந்தன. அப்போது தூரத்தில் அம்மா மீன் கூடையோடு வருவது தெரிந்தது. நடுரோட்டில் வைத்து ஏதாவது கேட்டுவிடப்போகிறாள் என்று பயந்தேன்.

அம்மா வந்து கூடையை இறக்கினாள். டீச்சரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா."

"கேளுங்கம்மா."

"இந்த மீனு கீதே, அது தூங்குமா?"

டீச்சர் விழித்தார். நானும்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெனம் காத்தால இது மூஞ்சியதான் பார்த்துகினு கீறேன். உசுரோட இருந்தாலும் கண்ணு தொறந்துகினு கீது, செத்தாலும் தொறந்துகினு கீது. அதுக்குத் தூக்கம்னு ஒண்ணு கீதா இல்லியா? எங்க வூட்டு ஆளக் கேட்டா சிரிக்குது. அதப் பத்தி புக்கு எதுனா வரப்போவுதா?"

டீச்சர் பையைக் கீழே வைத்தார். கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு வஞ்சிரத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"தெரியலம்மா. இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல. விசாரிக்கறேன்."

"எப்போ தெரியும்?"

"எழுதறவங்க யாராவது இருப்பாங்க. கண்டுபிடிக்கறேன்."

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். அம்மா அந்த வஞ்சிரத்தை எடுத்துப் பனையோலையில் சுற்றி, டீச்சர் வேண்டாம் என்பதற்குள் அவர் பையில் சொருகினாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"மறந்துடாதம்மா!" என்றாள். பஸ் கிளம்பிப் பனைகளுக்குப் பின்னால் மறைகிறவரை அங்கேயே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாடி பார்த்துகினு நிக்கிற? ஒரு கை புடி" என்றாள். நான் கூடையைத் தூக்கிவிட்டேன்.